எஞ்சின் நம்பர் மாறாது

1957 ஜூலை 9

வண்டி மறுபடி நின்றுவிட்டது. இந்த முறை திருவரங்குளம் தாண்டி, ஏற்றத்தில். இருபத்திரண்டு மூட்டைக் கடலையில் பாதியைச் சாலையோரம் இறக்கிப் போட்டுவிட்டுப் புதுக்கோட்டை போய், திரும்பி வந்து மீதியை ஏற்றியிருக்கிறார்கள். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர் 'கட்டி இழுக்கவா' என்று கேட்டாராம். டிரைவர் இதைச் சொல்லிச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த உலகத்தில் என்னுடையது என்று இருப்பது அந்த வண்டி ஒன்றுதான். 1939 மாடல் ஷெவர்லே பிக்கப். யுத்தம் முடிந்ததும் அப்பா திருச்சி ஏலத்தில் எடுத்தது. நிலம் முழுவதும் தம்பி நாகராசுக்கு, வண்டி எனக்கு என்று உயில். படுக்கையில் கிடந்த அவருக்கு ஐந்து வருஷம் பீங்கான் எடுத்ததற்குக் கூலி என்று செவந்தி சொல்வாள். செவந்தி தம்பி மனைவி. அவள் சொல்வது பொய் இல்லை.

உயிலை எழுதியது நான். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். வண்டி நம்பரைப் போட்டபோது அடிக்கச் சொன்னார். சமஸ்தானம் இருந்தபோது ஒரு நம்பர், சமஸ்தானம் போனதும் வேறு நம்பர். ராஜா மாறினால் பலகை மாறும், எஞ்சின் நம்பர் மாறாது, அதைப் போடு என்றார். போட்டேன். '417862 எஞ்சின் நம்பருள்ள பிக்கப் மோட்டார் வண்டி ஒன்று என் மகள் அமராவதிக்கு.' ஆண்டியப்பன் என்று கையெழுத்து. கடைசிப் புள்ளி கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

1957 ஜூலை 12

தம்பி என் அறை வாசலில் வந்து நின்றான். வழக்கமாக வருவதில்லை.

"அக்கா, ஒன் வண்டிக்கு வயசாயிருச்சு. ஒன்னைய மாதிரியே."

புது மாடல் சாமான்கள் போட்டால் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்றான். திருமயம் பக்கம் கவிழ்ந்த 1954 மாடல் பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம், மொத்தமாக எடுத்துவிடுகிறானாம். நான் ஒன்றும் தர வேண்டாமாம்.

அடுப்படியிலிருந்து செவந்தி குரல். "மதினிக்கு வண்டி எதுக்கு? ஏறிப் போறதுக்கு எங்கிட்டாச்சும் எடமா இருக்கு?"

தம்பி அவளை அதட்டினான். எனக்காக அவன் அவளை அதட்டியது இதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. என்ன வெட்கக்கேடு. நாற்பத்து நான்கு வயது.

1957 ஜூலை 30

இடம் இருக்கிறது. செவந்திக்குத் தெரியாது. புதுக்கோட்டையில் மேல ராஜ வீதிக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு கிணறு. ஆடி முடியட்டும், உங்களுக்கென்று வைத்திருக்கிறேன் என்றார் வீட்டுக்கார அம்மாள். அவசரமில்லை, தை வரைக்கும், அதற்கு மேலும் பொறுப்பேன் என்றார். படித்த பெண் குடியிருந்தால் வீட்டுக்கு நல்லது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

வண்டி ஒழுங்காக முப்பத்தைந்து மூட்டை இழுத்தால் வீட்டு வாடகை வந்துவிடும். வேறு வழி இல்லை. நான் பி.ஏ. மட்டும் படித்தவள். வாத்தியார் வேலைக்கு பி.டி. படிக்க வேண்டிய வயதில் கல்யாணம், மூன்றாம் வருஷம் வெள்ளைச் சேலை, பிறகு அப்பாவின் கட்டில். இப்போது எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்காது. ஊரில் எனக்கு 'பி.ஏ. அம்மா' என்று பேர். மரியாதையா கேலியா என்று இருபது வருஷமாகத் தெரியவில்லை.

1957 ஆகஸ்ட் 18

சவரியப்பன் பட்டறைக்குத் தம்பியோடு போனேன். கவிழ்ந்த வண்டி ஒரு பக்கம் சப்பையாகிக் கிடந்தது. இருக்கையில் உறைந்த கறை. அது என்ன என்று நான் கேட்கவில்லை. நம் வண்டி அதன் பக்கத்தில் பானெட் திறந்து நின்றது.

"செத்தது ஒண்ணு, சாகக் கிடக்கிறது ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணாக்கிருவோம்மா," என்றார் சவரியப்பன். நல்ல மனிதர். கையைத் துடைக்காமல் பேசமாட்டார்.

முதலில் கியர் பாக்ஸும் பின் ஆக்ஸிலும். பழைய வண்டிக் கம்பெனி கொடுத்த புத்தகத்தை நான் படித்துச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். யாரோ நான் சொல்வதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

1957 செப்டம்பர் 6

முப்பது மூட்டை. திருவரங்குளம் ஏற்றத்தில் நிற்கவில்லை.

1957 நவம்பர் 23

எஞ்சினையும் மாற்றிவிட்டார்கள்.

மோட்டார் ஆபீஸுக்கு ஆங்கிலத்தில் கடிதம் வேண்டும் என்று தம்பி கேட்டான். அப்பா இறந்தபோது வண்டியின் பதிவுப் புத்தகத்தைத் தம்பி பேரில்தான் மாற்றினோம். ஒரு விதவை அந்த ஆபீஸில் போய் நிற்பதா என்று எல்லோருக்கும் கூச்சம், எனக்கும்தான். பேருக்கு அவன், உயிலில் நான். ஆகவே கடிதம் அவன் எழுதுவதுபோல இருக்க வேண்டும். எழுதினேன். 'மை வெஹிகிள்' என்று தொடங்கும் கடிதம். என்னுடைய வாகனத்தின் பழைய எஞ்சினை அகற்றி, கீழ்க்கண்ட எண்ணுள்ள எஞ்சினைப் பொருத்தியிருக்கிறேன். நல்ல கடிதம். ஒரு அடித்தல் இல்லை. கீழே தம்பி கையெழுத்துப் போட்டான்.

பழைய எஞ்சினைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து பலகை மேல் வைத்தான். நம்பர் வெட்டியிருக்கும் இடத்தில் தன் கையாலேயே எண்ணெய் தடவி, தார்ப்பாய் போட்டு மூடினான். "அப்பா நம்பர், துருப்பிடிக்கக் கூடாது," என்றான்.

சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் என் மடியில்தான் படுப்பான். அது இன்று ஞாபகம் வந்தது.

1958 மார்ச் 15

புது எஞ்சினின் பலத்துக்குப் பழைய சேஸிஸ் தாங்காமல் விரிசல் விட்டுவிட்டது. சேஸிஸும் மாற்றம். இரண்டாவது கடிதம். இதிலும் 'மை வெஹிகிள்'.

கையெழுத்து போடும்போது தம்பி, "ஒன் இங்கிலீசு ஒண்ணுதான் அக்கா இந்த வீட்டுல உருப்படி," என்றான். செவந்தி காதில் விழும்படி சொன்னான். நான் அன்று முழுவதும் அந்த வாக்கியத்தை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன்.

செவந்திக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவள் படிக்கும்போது நான் எழுந்து போய்விடுவேன். காது கூசுகிறது என்று ஒரு நாள் சொல்லியும் இருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் படித்து நான் பார்க்கவில்லை.

1958 ஜூன் 2

கேபினும் போயிற்று. பழைய கேபின் கொல்லையில். செவந்தி அதில் கோழி அடைக்கிறாள். கதவில் அப்பா பெயர் இன்னும் படிக்க முடிகிறது. நான் உட்கார்ந்து வந்த இருக்கையில் ஒரு கோழி அடைகாக்கிறது. கிட்டப் போனால் கொத்துகிறது.

1958 ஆகஸ்ட் 9

நாற்பது மூட்டை. வண்டி வாடகையை அறுவடை முடிந்து மொத்தமாகத் தருகிறேன் என்கிறான் தம்பி. புதுக்கோட்டை அம்மாளுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி எழுதினேன்.

1958 அக்டோபர் 21

ஆயுத பூசை.

வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன் கண்ணாடிக்கு மேல் 'செவந்தி துணை' என்று சிவப்பில் எழுதியிருந்தது. பூசை முடிவதற்குக் காத்திருந்தேன். தம்பி நிலத்தைப் பாதி விளைச்சலுக்குப் பயிரிடும் வாரக்குடி பிச்சைமுத்துவும் அவர் மனைவி இருளாயியும் சுண்டலுக்கு நின்றார்கள். நான் இரண்டடி முன்னால் வந்தேன். ஏன் வந்தேன்? என் வண்டி என்று நினைத்துத்தான்.

"மதினி, நீங்க கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க. வண்டி மொத மொத கெளம்புது."

குரலில் கோபமே இல்லை. கோழியை விரட்டும் குரல்தான். நான் தள்ளி நின்றேன். வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போயிற்று. இருளாயி மட்டும் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மற்றவர்கள் பார்த்தார்கள்.

1958 அக்டோபர் 22

காலையில் தம்பியிடம் சொன்னேன், தை பிறந்ததும் புதுக்கோட்டையில் தனியாக இருக்கப் போகிறேன், வண்டியையும் டிரைவரையும் அங்கே அனுப்பிவிடு என்று.

இட்லியைப் பிட்டபடியே கேட்டான், "எந்த வண்டியை?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். என் வண்டியை என்றேன்.

"ஒன் வண்டி கொட்டகையில இருக்கே அக்கா. நம்பர் அழியாமப் பத்திரமா வச்சிருக்கேன். எப்ப வேணாலும் எடுத்துக்க."

செவந்தி அவனுக்குச் சட்னி ஊற்றினாள். அவள் கை நிதானமாக இருந்தது. ஆக, அவளுக்கும் தெரியும். எத்தனை நாளாக? கேபின் மாற்றியபோதா, கடிதத்தின்போதா, அந்த முதல் நாள் என் அறை வாசலில் அவளை அதட்டினானே, அன்றைக்கேவா? அந்த அதட்டலும் —

எழுத வரவில்லை.

1958 நவம்பர் 5

பட்டறைக்குத் தனியாகப் போனேன். சவரியப்பன் என்னைக் கண்டதும் கையைத் துடைக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை.

"ஒங்க தம்பி மொத நாளே சொன்னாரும்மா. எஞ்சினை எறக்கையில நம்பர்ல சுத்தியல் படக்கூடாது, ஒரு எழுத்துக்கூட மங்கக்கூடாதுன்னு. அப்பா ஞாபகமாக்கும்னு நெனச்சேன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் கவிழ்ந்த வண்டியின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் ஓடுகிற வண்டிக்குள் போய்விட்டது.

1958 நவம்பர் 19

புதுக்கோட்டையில் வக்கீலைப் பார்த்தேன். தம்பியும் வந்தான், மறைக்க ஒன்றுமில்லை என்று. இரண்டு கடிதங்களின் நகலையும் மேசைமேல் வைத்தான்.

வக்கீல் படித்தார். இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது, யார் எழுதியது என்று கேட்டார். நான் என்றேன். இதில் 'மை' என்றால் யார் என்று கேட்டார்.

தம்பி என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டார். உயிலில் உள்ள நம்பர் கொட்டகையில் இருக்கிறது. ஓடுகிற வண்டியின் எஞ்சினும் சேஸிஸும் தம்பி விலைக்கு வாங்கிய வண்டியுடையவை, ரசீது அவன் பேரில். வழக்குப் போடலாம், ஐந்து வருஷம் ஆகும், உங்கள் கடிதத்தை உங்களுக்கு எதிராகவே படிப்பார்கள் என்றார். பெண்களுக்கும் சொத்தில் பங்கு என்று இப்போது சட்டம் வந்திருக்கிறதே என்று கேட்டேன். உங்கள் அப்பா அதற்கு மூன்று வருஷம் முன்னால் இறந்துவிட்டார், அதோடு உயிலும் எழுதிவிட்டார் என்றார்.

அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன், நிஜம்தான். இன்னும் மூன்று வருஷம் உயிரை இழுத்துப் பிடித்து வைத்திருந்திருக்க வேண்டும்.

'மை.' ஒரே எழுத்து. தமிழில் அதற்குப் பேனாவில் ஊற்றுவது என்று அர்த்தம். அதையும் நான்தான் ஊற்றினேன்.

எழுந்தபோது, பழைய எஞ்சின் அக்காவுக்கே சொந்தம், எனக்கு அதில் பாத்தியதை இல்லை என்று தம்பி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். நியாயமானவனாம்.

1958 டிசம்பர் 28

பிச்சைமுத்து வந்தார். தம்பிதான் அனுப்பியிருக்க வேண்டும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். மார்கழிக் கடலை விதைக்க வேண்டும், கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, இறைக்க மாடு இல்லை, போன மாதம் ஒன்று செத்துப்போயிற்று.

"ஆத்தா, ஒங்க எஞ்சினு சும்மாதானே கெடக்கு. பம்புல மாட்டித் தாரேன்னு பட்டறைக்காரரு சொல்றாரு. அறுவடை வரைக்கும் எரவல் குடுங்க. தண்ணிக்கு ஒரு மரக்கா கடலை அளந்துருவேன்."

மரக்கால் கடலை வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. தண்ணீருக்குக் கொடுக்காமல் விளைந்தது வீடு சேராது என்றார். சரி என்றேன்.

அறுவடை வரைக்கும் என்று நானும் வாயால் சொன்னேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1959 ஜனவரி 20

எஞ்சின் சத்தம் என் அறைக்குக் கேட்கிறது. காலையில் இரண்டு மணி நேரம். தூக்கத்திலும் அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். அப்பா வருகிறார் என்று உடம்பு எழுந்துகொள்ளப் பார்க்கிறது.

1959 பிப்ரவரி 27

செவந்தியின் அண்ணன் வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். நான் உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ, ஒங்க அக்காவுக்கு வண்டி எழுதி வச்சாங்களே, அது எங்க ஓடுது என்று கேட்டார்கள்.

"அதுவா? கெணத்துல ஓடுது," என்றான் தம்பி.

சிரிப்பு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாழை இலைக் கட்டோடு முற்றத்தில் நின்ற பிச்சைமுத்துவும் சிரித்தார். பல் தெரிய. முதலாளி சிரித்தால் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை அதில். எனக்கு அது தெரியும்.

இலையில் உப்பு வைத்துக்கொண்டே போனேன்.

1959 மார்ச் 3

கோட்டைப்பட்டினத்தில் நெல் மில் வைத்திருக்கும் மரைக்காயர் ஒருவர் பழைய எஞ்சின் தேடுவதாகச் சவரியப்பன் முன்பு சொல்லியிருந்தார். அவருக்குக் கடிதம் போட்டேன். தமிழில். 'என் எஞ்சின்' என்று.

1959 மார்ச் 9

இருளாயி களை எடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். பூ உதிர்ந்து விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரம், இன்னும் நான்கு தண்ணீர் கிடைத்தால் போதும், காய் பிடித்துவிடும் என்றாள். தோட்டத்தை ஒரு பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டினாள். நல்ல கடலை என்று சொன்னேன். நிறைய விளையும் என்றும் சொன்னேன்.

1959 மார்ச் 12

மரைக்காயர் ஆட்களோடு வந்தார். உயிலைக் காட்டினேன், தம்பி எழுதிக் கொடுத்த தாளையும் காட்டினேன். அவர் குனிந்து, விரலால் அழுக்கைத் தேய்த்து நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தார். நான்கு, ஒன்று, ஏழு, எட்டு, ஆறு, இரண்டு. சரியாக இருந்தது. அப்பா சொன்னது பலித்தது. மாறவே இல்லை.

பம்பிலிருந்து கழற்றும்போது பிச்சைமுத்து ஓடிவந்தார். முதலில் ஏதோ ரிப்பேர் என்று நினைத்துத் தானும் ஒரு கை பிடித்தார். மாட்டு வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டும்போதுதான் நிமிர்ந்தார்.

"ஆத்தா, அறுவடை வரைக்கும்னு சொன்னீங்க."

ஆமாம், சொன்னேன் என்றேன்.

வேறொன்றும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? நீ சிரித்தாய் என்றா?

தம்பி வீட்டு வாசலில் நின்று பார்த்தான். தடுக்கவில்லை. அவன் கையெழுத்து அல்லவா. ஒரு நிமிஷம் அவன் முகம் வெளுத்தது, அது எனக்குப் போதுமாக இருந்தது. ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

1959 மார்ச் 16

புதுக்கோட்டை. மேல ராஜ வீதிக்குப் பின்னால். இரண்டு அறை, ஒரு கிணறு. எஞ்சின் விற்றது ஒரு வருஷ வாடகைக்குக் காணும். அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

1959 மார்ச் 30

மழை இல்லை.

1959 ஏப்ரல் 8

தெருவில் சவரியப்பனைப் பார்த்தேன். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். உண்மையில் கேட்க நினைத்தது வேறு. உங்கள் தம்பிக்கு என்னம்மா, பாதி வாரம் போச்சு, வண்டி ஒரு மாதம் ஓடினால் வந்துவிடும் என்றார். மறுபாதி யாருடையது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1959 ஏப்ரல் 26

மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். இருளாயி. தலையில் சின்னச் சாக்கு. தம்பியின் வண்டியில் வந்தாளாம், தெருமுனையில் நிற்கிறது, சீக்கிரம் போக வேண்டும் என்றாள். பிச்சைமுத்து இப்போது அதில் மூட்டை தூக்குகிறார். நிலத்தைத் தம்பி வேறு ஆளுக்கு விட்டுவிட்டான்.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. மரக்காலைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். வாசற்படியில் முறத்தைக் கேட்டு வாங்கி, சாக்கை அவிழ்த்து, மரக்காலில் தலைதட்டாமல் கூம்பாக அளந்து கொட்டினாள்.

"தண்ணிக்கு அளக்கணும்னு அவரு சொல்லிவிட்டாரு. ரெண்டு மாசம் எறச்சோமுல்ல."

வேண்டாம் என்றேன். அவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வச்சுக்கங்க ஆத்தா. கடன் வேண்டாம்."

சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனாள். தெருமுனையில் வண்டி கிளம்புகிற சத்தம். புது எஞ்சின் சத்தம் எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் அதுதான் என்று தெரிந்தது.

சாயங்காலம் வரை உடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பொக்கு. ஓடு பெரிதாக, நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. ஒரு மரக்காலில் உள்ளங்கை நிறையும் அளவுக்குப் பருப்பு, அதுவும் சுருங்கியது.

வறுத்தேன். தின்றேன். கசக்கவில்லை.